வாழைப்பழத்துல இருந்து ஒரு என்சைமை உயிரோட வெளிய எடுக்கறது

நான் மதுரையில ஒரு லேப்ல வாழைப்பழத்தோட ஏசிசி ஆக்சிடேஸை பியூரிஃபை பண்ற வேலையில இருக்கேன். பழம் பழுக்க வேண்டிய எத்திலீன் ஹார்மோனை கடைசி ஸ்டெப்ல உண்டாக்குற என்சைம் அது. எங்க போய் இதைச் சொன்னாலும் ஒரு கேள்வி தப்பாம வருது. "ஏம்மா, ஆர்என்ஏ எடுத்து ஜீன் எக்ஸ்பிரஷன் பார்த்தா சட்டுனு முடிஞ்சிடுமே, எதுக்கு இன்னும் பழத்தை அரைச்சு வடிகட்டிக்கிட்டு கெடக்க?" கேக்குறவங்க அக்கறையோடதான் கேக்குறாங்க, ஆனா அங்க நின்னு பதில் சொல்ல நேரம் இருக்கறதில்ல, அதான் இங்க விலாவாரியா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

பழக்கமில்லாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை. என்சைம்னா உயிருக்குள்ள கெமிக்கல் வேலையை வேகப்படுத்துற புரோட்டீன். ஜீன் எக்ஸ்பிரஷன்னா ஒரு ஜீன் எவ்வளவு வேலையில இருக்குன்னு, அதுல இருந்து வர்ற ஆர்என்ஏவை வச்சுப் பார்க்கறது. செடிக்குள்ள மெத்தியோனின்னு ஒரு அமினோ ஆசிட் இருக்கு, அது எஸ்-அடினோசில் மெத்தியோனினா மாறுது, அதை ஏசிசி சிந்தேஸ்ங்கற என்சைம் பிடிச்சு ஏசிசியா மாத்துது, ஏசிசின்னா 1-அமினோசைக்ளோபுரோப்பேன்-1-கார்பாக்சிலிக் ஆசிட், மூணு கார்பன் சேர்ந்த ஒரு வளையம் உள்ள சின்ன மாலிக்யூல். கடைசியா நம்ம ஏசிசி ஆக்சிடேஸ் அந்த வளையத்தை உடைச்சு எத்திலீன் வாயுவா வெளிய விடுது. நடுவுல இருக்கறது ஏசிசிதான்னு 1979ல ஆடம்ஸும் யாங்கும் ஆப்பிளை வச்சுக் கண்டுபிடிச்சாங்க, ஏசிசி உண்டாகறப்ப மிஞ்சுற துண்டு திரும்ப மெத்தியோனினாவே மாறுற சுத்துக்கு இன்னைக்கு யாங் சைக்கிள்னே பேரு.

நம்ம ஊர்ல இந்த கெமிஸ்ட்ரியோட பேரெல்லாம் தெரியாமலே காலங்காலமா இதை வச்சுத்தான் பொழப்பு நடக்குது. எங்க வீடு சோழவந்தான் பக்கம், வெத்தலைக் கொடிக்காலும் வாழையும்தான் சுத்தி. எங்க தாத்தா காலத்துல தாரை வெட்டி ரூம்ல அடுக்கி, சாணம் பூசி வாசலை அடைச்சு, காஞ்ச சருகைப் போட்டு புகைமூட்டம் போடுவாங்க. புகையில கொஞ்சம் எத்திலீன் இருக்கும், அது காயைத் தொட்ட உடனே காய் தன்னோட சொந்த எத்திலீனை உண்டாக்க ஆரம்பிச்சிடும், அதுக்கப்புறம் புகையே தேவையில்ல, ஒரு காய் பழுத்தா அடுத்ததுக்கும் அது பரவும். இப்ப சேம்பர்ல எத்திலீன் கேஸ் விடுறாங்க, 100 பிபிஎம் வரைக்கும் விட சட்டத்துல இடம் இருக்கு. கார்பைட் கல்லுக்கு தடை, ஏன்னா அதுல இருந்து வர்றது அசிட்டிலீன், கூடவே ஆர்சனிக்கும் பாஸ்பீனும் கலந்து வரும். வெளிய இருந்து எதைக் காட்டினாலும் சரி, கடைசியில பழத்துக்குள்ள வேலை செய்யப்போறது இந்த ஏசிசி ஆக்சிடேஸ்தான்.

இப்ப கேள்விக்கு வர்றேன்.

1980கள் முழுக்க இந்த என்சைமுக்கு ஒழுங்கான பேரு கூட கிடையாது, எத்திலீனை உண்டாக்கும் என்சைம்னு பொதுவா சொல்லிட்டு இருந்தாங்க, ஏன்னா அதை யாராலயும் கையில பிடிக்க முடியல. பழத்துண்டை அப்படியே ஏசிசி கரைசல்ல போட்டா எத்திலீன் நல்லா வரும், அதே துண்டை அரைச்சுட்டா ஒண்ணும் வராது. அரைச்ச உடனே செத்துப்போகுதே, அப்ப இது மெம்பரேன்ல, அதாவது செல்லோட சவ்வுல, ஒட்டிக்கிட்டு இருக்கற என்சைம், மெம்பரேன் முழுசா இருந்தாத்தான் வேலை செய்யும்னு ஒரு முடிவுக்கே வந்துட்டாங்க. நியாயமான முடிவுதான், கையில இருந்த ஆதாரம் அப்படி. பெரிய பெரிய லேப் எல்லாம் வருஷக்கணக்கா முட்டி மோதியிருக்காங்க.

திருப்பம் வந்தது தக்காளியில இருந்து. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம்ல கிரியர்சன் குழு, தக்காளி பழுக்கும்போது கூடுற ஒரு ஜீனை (பிடாம்13னு பேரு வச்சிருந்தாங்க) ஆன்டிசென்ஸ் (அந்த ஜீனோட தலைகீழ் நகல்) போட்டு அமுக்கினாங்க, எத்திலீன் குறைஞ்சுபோச்சு, அது 1990ல. அடுத்த வருஷம் அதே ஜீனை ஈஸ்ட்டுக்குள்ள வச்சாங்க, ஈஸ்ட் ஏசிசியை எத்திலீனா மாத்த ஆரம்பிச்சிருச்சு. அந்த ஜீனோட சீக்வென்ஸை பார்த்தா ஃபிளேவனோன் 3-ஹைட்ராக்சிலேஸ்ங்கற இன்னொரு என்சைமோட சாயல் இருந்தது, அந்த என்சைமுக்கோ இரும்பும் அஸ்கார்பேட்டும் வேணும், அஸ்கார்பேட்னா நம்ம விட்டமின் சிதான். சரி இதையும் அதே மாதிரி அரைச்சுப் பார்ப்போம்னு 1991ல வெர்வெரிடிஸும் ஜானும் முலாம்பழத்தை அஸ்கார்பேட்டோட அரைச்சு, அசேல, அதாவது என்சைம் வேலையை அளக்கற சோதனையில, இரும்பும் சேர்த்துப் பார்த்தாங்க, என்சைம் முழு உயிரோட கரைசல்லயே நின்னுச்சு! மெம்பரேனும் இல்ல ஒண்ணும் இல்ல, தண்ணில கரையுற சாதாரண புரோட்டீன். 1992ல யாங்கோட குழு ஆப்பிள்ல இருந்து சுத்தமாவே பிரிச்சு எடுத்துட்டாங்க, சுமார் 35 கிலோடால்டன் (புரோட்டீனோட எடையை அளக்கற அலகு) சைஸ்.

இதுல ஜீன் குடுத்தது துப்பு, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன், துப்பு இல்லாம இருந்தா இன்னும் எத்தனை வருஷம் போயிருக்குமோ. ஆனா மெம்பரேன் வேணுமா வேண்டாமாங்கற கேள்விய முடிச்சு வச்சது டியூப்ல உயிரோட நின்ன புரோட்டீன்.

இதைவிட நேரடியான பதில் வாழைப்பழத்துலயே இருக்கு. 1999ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில வாழை பழுக்கறப்ப எத்திலீனையும், ஏசிசி ஆக்சிடேஸ் ஜீனோட எம்ஆர்என்ஏவையும் (ஜீன் எக்ஸ்பிரஷன்ல அளக்கற ஆர்என்ஏ இதுதான்), என்சைம் வேலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்திருக்காங்க. வாழையில எத்திலீன் சர்ருனு ஏறி சர்ருனு இறங்கிடும், தக்காளி மாதிரி நிதானமா நிக்காது. எத்திலீன் இறங்கின பிறகும் எம்ஆர்என்ஏ இறங்கல, நல்லாவே இருந்தது. அப்ப ஏன் எத்திலீன் வரலன்னு பார்த்தா, பழத்துக்குள்ள அஸ்கார்பேட்டும் இரும்பும் குறைஞ்சுபோனது ஒரு பகுதியாவது காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க, வெறும் ஜீன் எக்ஸ்பிரஷன் மட்டும் பார்த்த ஒருத்தர் அந்தக் கட்டத்துல "எத்திலீன் உற்பத்தி ஜோரா நடக்குது"ன்னுதானே எழுதியிருப்பாரு. என்சைமுக்கு என்ன தீனி வேணும்னு டியூப்ல வச்சுப் பார்த்தவங்களுக்குத்தான் இரும்பு மேல சந்தேகமே வரும். நான் பழத்தை அரைக்கறதுக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தேவையில்ல.

சரி, அரைக்கறதுன்னா எப்படி அரைக்கறது. அங்கதான் வாழை நம்மள படுத்துற பாடு ஆரம்பம். தோல் முழுக்க மஞ்சளான பழம் ஆகாது, அதுக்குள்ள எத்திலீன் உச்சம் தாண்டிப் போயிருக்கும். பச்சையில லேசா மஞ்சள் தட்டுற அந்தப் பக்குவத்துல சீப்பை எடுத்தாகணும், ஒரு நாள் முந்தினாலும் பிந்தினாலும் என்சைம் அளவு மாறிடும். அந்தப் பக்குவத்துல சதையில மாவு இன்னும் நிறைய இருக்கும், பால்ல வர்ற பிசின் வேற, கறையை உண்டாக்குற ஃபீனால் வேற, அப்புறம் குழகுழன்னு பெக்டின். எல்லாம் சேர்ந்து என்சைமை அமுக்கப் பார்க்கும்.

சதையைத் துண்டு போட்டு லிக்விட் நைட்ரஜன்ல போட்ட உடனே கல்லு மாதிரி ஆயிடும், அதை உரல்ல போட்டு இடிச்சா வெள்ளையா நைஸ் பவுடர், பனி மாதிரி ஆவி பறக்கும். அந்தப் பவுடர் உருகறதுக்கு முன்னாடி பஃபர்ல, அதாவது பிஎச் மாறாம பார்த்துக்கற கரைசல்ல, கொட்டணும். பஃபர்ல கிளிசரால் இருக்கு, டிடிடி (புரோட்டீன் ஆக்சிஜனால கெடாம காக்கற மருந்து) இருக்கு, அஸ்கார்பேட் இருக்கு, ராத்திரியே ஊறவச்ச பிவிபிபி இருக்கு. இந்த பிவிபிபிதான் எங்க லேப்ல சாமி, கரையாத வெள்ளைப் பொடி, ஃபீனாலை எல்லாம் தன் மேல ஒட்ட வச்சுக்கும். இது இல்லாம அரைச்சா கண்ணு முன்னாடியே கரைசல் டீ கலருக்குப் போகும், அந்தக் கலர் வந்ததுன்னா புரோட்டீன் மேல ஃபீனால் ஒட்டிருச்சுன்னு அர்த்தம், அப்புறம் எந்த ரெசின்ல (புரோட்டீனைப் பிரிக்கற மணிகள்) ஊத்தியும் பிரயோசனம் இல்ல. பிவிபிபி சரியா இருந்தா மெல்லிசு துணியில வடிகட்டி சென்ட்ரிஃபியூஜ் போட்டு எடுக்கறப்ப டியூப் அடியில மாவு கெட்டியா வெள்ளையா உக்காந்திருக்கும், மேல இளம் வைக்கோல் கலர்ல தெளிவா ஒரு திரவம். அந்தத் தெளிவைப் பார்த்தா போதும், அன்னைக்கு நாள் நல்ல நாள்னு தெரிஞ்சிடும். எல்லாமே ஐஸ்ல. மதுரையில கத்திரி வெயில்ல இந்த வேலை பண்றவங்க கரண்ட் கட் அறிவிப்பை பார்த்துட்டுத்தான் நாள் குறிப்போம், கோல்ட் ரூம் நின்னா பழமும் போச்சு பஃபரும் போச்சு.

அதுக்கப்புறம் பியூரிஃபிகேஷன் வழக்கமான பாதைதான், அம்மோனியம் சல்ஃபேட் போட்டு புரோட்டீனை வீழ்படிவா இறக்கி, திரும்பக் கரைச்சு உப்பை நீக்கி, சார்ஜை வச்சுப் பிரிக்கற ரெசின், எண்ணெய்த்தன்மைய வச்சுப் பிரிக்கற ரெசின், கடைசியா சைஸை வச்சுப் பிரிக்கற ஜெல். ஒவ்வொரு ஸ்டெப்லயும் சின்னச் சின்ன டியூப்ல ஃப்ராக்ஷன் பிடிச்சு, எந்த டியூப்ல என்சைம் இருக்குன்னு தேடணும்.

தேடறது எப்படின்னா, வாயுக்களைப் பிரிச்சு அளக்கற மெஷினான கேஸ் குரோமட்டோகிராஃப்லதான். சின்ன கண்ணாடிக் குப்பியில பிஎச் 7.2 பக்கமா பஃபர், ஏசிசி, அஸ்கார்பேட், ஃபெரஸ் சல்ஃபேட், சோடியம் பைகார்பனேட், இதோட என்சைம் துளி, ரப்பர் மூடி போட்டு அழுத்தி மூடி 30 டிகிரியில கொஞ்ச நேரம் ஆட்டணும். அப்புறம் சிரிஞ்சை மூடிக்குள்ள குத்தி மேல இருக்கற காத்துல 1 மில்லி உறிஞ்சி மெஷின்ல போட்டா, எத்திலீன் இருந்தா அதோட டைம்ல ஒரு பீக் எழும்பும். கண்ணுக்குத் தெரியாத, கையில பிடிக்க முடியாத வாயு ஸ்க்ரீன்ல மலை மாதிரி எழும்புறதை பார்க்கறப்ப இன்னைக்கும் எனக்கு மனசு நிறைஞ்சு போகும்.

இதுல புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஏசிசியும் இரும்பும் அஸ்கார்பேட்டும் ஒண்ணா இருந்தா என்சைமே இல்லாம கூட கொஞ்சம் எத்திலீன் வரும், சும்மா கெமிக்கலா, ஃப்ரீ ராடிக்கல்ங்கற அடங்காத மாலிக்யூல் வழியா. அதனால கொதிக்க வச்ச என்சைமோட ஒரு குப்பி ஒவ்வொரு தடவையும் கூடவே ஓடணும், அதுல வந்த எத்திலீனைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு. பழைய காலத்துல நிறைய பேரு என்சைம் கிடைச்சிருச்சுன்னு சொன்னது கடைசியில இந்தப் போலி எத்திலீனாதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க யாங்கோட லேப்ல ஒரு அருமையான டெஸ்ட் வச்சாங்க. ஏசிசிக்கு ஒரு எத்தில் வால் ஒட்டினா நாலு விதமான வடிவம் வரும், நிஜமான செடி அதுல ஒரே ஒரு வடிவத்தை மட்டும் நல்லா பிடிச்சு 1-பியூட்டீனா மாத்தும், ஃப்ரீ ராடிக்கலுக்கு நாலும் ஒண்ணுதான். எவ்வளவு நேர்மையான சோதனை பாருங்க, உண்மையான என்சைம் ஆளைப் பார்த்துத்தான் உள்ள விடும்.

அப்புறம் டேபிள். பியூரிஃபிகேஷன் டேபிளை ஒழுங்கா படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. உதாரணத்துக்கு அரைச்ச சாறுல மொத்தம் 1000 யூனிட் வேலை, 500 மில்லிகிராம் புரோட்டீன்னு வைங்க, மில்லிகிராமுக்கு 2 யூனிட். கடைசியில கையில 100 யூனிட், புரோட்டீன் 0.5 மில்லிகிராம், அப்ப மில்லிகிராமுக்கு 200 யூனிட், 100 மடங்கு சுத்தம், 10 சதவீதம் மிச்சம். நிறைய தீசிஸ்ல, புரோட்டீனை சைஸ்படி கோடு கோடா பிரிச்சுக் காட்டற ஜெல்ல ஒத்தை பேண்ட் காட்டி சுத்தம்னு முடிச்சிடறாய்ங்க. இந்த என்சைமுக்கு அது பத்தாது, ஏன்னா 35 கிலோடால்டன் பக்கம் அழகா ஒத்தைக் கோடா நிக்கற புரோட்டீன் பாதி செத்ததா இருக்கலாம், ஜெல் உயிரையும் பொணத்தையும் ஒரே மாதிரிதான் காட்டும். மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட்ங்கற நம்பர்தான் உண்மையைச் சொல்லும்.

செத்துப்போறதைப் பத்தி தனியா சொல்லணும், என்னோட வேலையில முக்காவாசி அதுதான். ஏசிசி ஆக்சிடேஸ் வேலை செய்யும்போதே தன்னைத்தானே அழிச்சுக்கும். ஏசிசி, இரும்பு, அஸ்கார்பேட் எல்லாம் குடுத்து ஓட விட்டா முதல் சில நிமிஷம் எத்திலீன் நேர்கோடா ஏறும், அப்புறம் கோடு வளைஞ்சு படுத்துடும், புதுசா ஏசிசி ஊத்தினாலும் எந்திரிக்காது. இரும்பும் அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனும் சேர்ற இடத்துல ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகுது, அது ஒரு காரணம், கேட்டலேஸ் சேர்த்தா கொஞ்சம் தாங்குறது அதனாலதான். ஆனா வினை நடக்கறதே ஒரு காரணம், கேட்டலேஸ் போட்டாலும் முழுசா காப்பாத்த முடியாது. அதனால கேஎம் (என்சைம் பாதி வேகத்துல ஓட எவ்வளவு ஏசிசி வேணும்ங்கற அளவு), பிஎச், டெம்பரேச்சர் எதை அளந்தாலும் அந்த முதல் நேர்கோட்டுக்குள்ளயே அளந்தாகணும், ஒரு மணி நேரம் ஓடவிட்டு கடைசி நம்பரை மட்டும் எடுத்தா நீங்க அளக்கறது என்சைம் எவ்வளவு வேகமா சாகுதுங்கறதை.

என்சைமோட நடுவுல ஒரு இரும்பு அணு, அதைப் பிடிச்சு வச்சிருக்கறது ரெண்டு ஹிஸ்டிடினும் ஒரு அஸ்பார்டேட்டும், 2004ல பெட்டூனியா என்சைமோட கிரிஸ்டல் அமைப்பு வந்தப்ப இதைக் கண்ணாலயே பார்த்தாங்க. இதோட சொந்தக்கார என்சைம்கள்ல பெரும்பாலானதுக்கு 2-ஆக்சோகுளுட்டரேட்னு ஒரு துணைப்பொருள் வேணும், இது அதைத் தொடாது, அந்த இடத்துல அஸ்கார்பேட்டை வச்சு வேலையை முடிச்சிடும். கோபால்ட் போட்டா நின்னுடும். ஒவ்வொரு எத்திலீனுக்கும் கூடவே ஒரு கார்பன் டை ஆக்சைடும் ஒரு ஹைட்ரஜன் சயனைடும் வெளிய வரும். சயனைடான்னு பயந்துடாதீங்க, எங்க அம்மாவும் இதைக் கேட்டுட்டு ஒரு வாரம் பழத்தைத் தொடல. செடிக்குள்ள பீட்டா சயனோஅலனின் சிந்தேஸ்னு இன்னொரு என்சைம் காத்துக்கிட்டே இருக்கும், சயனைடு வந்த உடனே பிடிச்சு அமினோ ஆசிட் பக்கம் திருப்பி விட்டுடும், பழத்துல ஒண்ணும் தங்காது.

கார்பன் டை ஆக்சைடு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எங்களுக்குக் காய் குடுக்கற மண்டி அண்ணன் ஒருநாள் கேட்டாரு, "பாப்பா, சேம்பரை அப்பப்ப தொறந்து காத்து விடச் சொல்றாய்ங்க, தொறந்தா கேஸு போயிருமே, என்னத்துக்குத் தொறக்கணும்?" நான் சொன்னேன், "அண்ணே, காய் மூச்சு விட்டு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்துடுது, அது கூடிப்போச்சுன்னா எத்திலீன் சொல்றது காய்க்குக் காது கேக்காது, அதான் தொறக்கறது." அது சரிதான், ரூம்ல 1 சதவீதத்துக்கு மேல ஏறவிடாம பார்த்துக்கறது அதுக்குத்தான். ஆனா அதே கார்பன் டை ஆக்சைடு இல்லாம ஏசிசி ஆக்சிடேஸ் ஓடவே ஓடாது! அசேல பைகார்பனேட் போடாம, காத்துல இருக்கறதையும் நீக்கிட்டுப் பார்த்தா எத்திலீன் தரையோட படுத்துடும். ஹார்மோனை உண்டாக்கறதுக்கு வேணும், ஹார்மோன் பேச்சைக் கேக்க விடாமலும் தடுக்கும். இந்த ரெண்டையும் முழுப் பழத்துல பிரிச்சுப் பார்க்க ரொம்பக் கஷ்டம், எத்திலீன் குறைஞ்சா எது காரணம்னு எப்படிச் சொல்லுவீங்க? சுத்தமான என்சைமுக்கு காது கிடையாது, சிக்னல் கிடையாது, அதனால அங்க ஒரு பக்கம் மட்டும் பளிச்சுனு தெரியும்.

இப்ப என்னோட கவனம் எல்லாம் வெயில் மேல. மதுரைக் கத்திரியில ஜி9 (கேவண்டிஷ் வகை வாழை) பழத்தைப் பார்த்திருப்பீங்க, உள்ள கொழகொழன்னு பழுத்திருக்கும், தோல் மட்டும் பச்சை மாறாம நிக்கும். கேவண்டிஷ் ரகத்துல 24 டிகிரிக்கு மேல தோலோட பச்சையம் சரியா உடையறதில்ல, அது தெரிஞ்ச விஷயம். நம்ம ரஸ்தாளியும் பூவனும் அதே வெயில்ல மஞ்சளாவே பழுக்குது. பச்சையம் உடையறது தனிக் கதை, அது என் என்சைம் கையில இல்ல, ஆனா சூட்டுல எத்திலீன் உற்பத்தி எப்படி மாறுதுங்கறது என் கையில இருக்கற கேள்வி. ரெண்டு ரகத்தோட ஏசிசி ஆக்சிடேஸையும் ஒரே மாதிரி சுத்தம் பண்ணி, 25ல இருந்து 45 டிகிரி வரைக்கும் எவ்வளவு வேகமா ஓடுது, எவ்வளவு வேகமா சாகுதுன்னு ரெண்டையும் தனித்தனியா அளக்கணும். வேகம் ஒண்ணா இருந்து சாவு மட்டும் வேற வேறயா இருந்தாக்கூட பழத்துல எத்திலீன் வேற மாதிரிதான் வரும்.

அதுக்கு காய் வேணும். சோழவந்தான், வாடிப்பட்டி, கம்பம் பக்கம் வாழை போட்டிருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா சொல்லுங்க, ரஸ்தாளியும் ஜி9உம் பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துல இருந்தா இன்னும் நல்லது. பூ தள்ளின தேதி தெரிஞ்சிருக்கணும், மூட்டமோ கேஸோ படாத தாரா இருக்கணும், வெட்டின அன்னைக்கே நான் வந்து எடுத்துக்கறேன். விலை மண்டி விலையே குடுத்துடறேன்.